முதுகில் ஒரு "டக்" சத்தம்

அப்பாவுக்கு முதுகுவலி. கடலுக்குப் போகிறவருக்கு முதுகுவலி என்பதெல்லாம் ஒரு செய்தியா என்று எங்கள் வைத்திக்குப்பத்தில் சிரிப்பார்கள். வலை இழுக்கிற எல்லாருக்கும் இடுப்பில் ஏதோ ஒரு கதை இருக்கும். ஆனால் அப்பாவுக்கு வந்தது வேறு ரகம். சென்ற ஆண்டு மாசி மகத்துக்கு ஊர் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்கு வந்து போன மறுவாரம், தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பிய படகில் வலையை இழுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. கரைக்கு வந்தவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வீட்டில் விட்டார்கள். வலி இடுப்போடு நிற்கவில்லை. இடது தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கணுக்கால் வரை மின்சாரம் மாதிரி ஓடுகிறது என்றார்.

எங்கள் தெருவில் இதற்கெல்லாம் முதல் வைத்தியம் ஒரு அத்தைதான். இரட்டைப் பிள்ளை பெற்றவர். அப்படிப் பெற்றவர் கையால் நீவினால் சுளுக்கு போகும், கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது ஊர் நம்பிக்கை. நல்லெண்ணெய் காய்ச்சி அத்தை நீவிவிட்டார். காசு வாங்கமாட்டார், வெற்றிலை பாக்கு போதும். மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டே, "இது என் கைக்கு அடங்கலண்ணே, டாக்டராண்ட காட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

டாக்டரிடம் போகவில்லை. சித்தப்பா பையன் குறுக்கே வந்தான். அவன் போனில் வீடியோக்கள் வைத்திருந்தான். ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார், இன்னொருவர் அவர் கழுத்தைத் திருப்புகிறார், "டக்". முதுகை அமுக்குகிறார், "டக் டக் டக்". படுத்தவர் எழுந்து அழுகிறார், சிரிக்கிறார், கையெடுத்துக் கும்பிடுகிறார். பத்து வருஷத்து வலி பத்து நிமிஷத்தில் போச்சு என்கிறார். கைரோபிராக்டர் என்று ஒரு வைத்தியராம், வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் மட்டும் ஒரு ஓட்டல் ஹாலில் முகாம் நடத்துகிறாராம். முன்பதிவு செய்தாகிவிட்டது என்றான். நான் கூடப் போனேன்.

என்ன நடந்தது என்று நீட்டி முழக்க விரும்பவில்லை. ஒரு மடக்கு மேஜை, பக்கத்தில் ஸ்டாண்டில் செருகிய செல்போன். அப்பாவுக்கு எத்தனை நாளாக வலி, எங்கே ஓடுகிறது, கால் மரத்துப்போகிறதா, சர்க்கரை உண்டா, எதுவும் கேட்கவில்லை. வீடியோ எடுக்கச் சம்மதமா என்று மட்டும் கேட்டார்கள். வலி இடுப்பில். ஆனால் முதலில் திருப்பியது கழுத்தை. எனக்குச் சுரீர் என்றது. பிறகு இடுப்பு. ஆறேழு "டக்". 1,500 ரூபாய். அப்பா எழுந்து நின்று, "இன்னாமா பாப்பா, சத்தம் கேட்டுச்சா? லேசா இருக்கு" என்றார். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

உடனே ஒரு அட்டை நீட்டினார்கள். பன்னிரண்டு தடவை வரவேண்டும், மொத்தமாகக் கட்டினால் 15,000. அடுத்த முகாம் எப்போது, எங்கே என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் சொல்வோம் என்றார்கள். "சார் எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன். சுவரில் சாய்த்து வைத்திருந்த சட்டத்தைக் காட்டினார். கிட்டப் போய்ப் படித்தேன். ஒரு சனி, ஒரு ஞாயிறு. இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழ். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சித்தப்பா பையன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை அப்பாவால் லுங்கி கட்டக் குனிய முடியவில்லை.

இதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படித்தேன். பி.காம். படிக்கிறவளுக்கு முதுகெலும்பைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பது சரி. ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் இதற்குள் இருக்கிறது: வாங்குகிறவனுக்கு எதுவும் தெரியாத சந்தையில் விற்கிறவனை எப்படி நம்புவது என்பது.

எங்கள் ஊர்க் கதையிலேயே சொல்கிறேன். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், சிவப்பாக இருந்தால் வாங்கலாம். குழம்பு எப்படி என்று சாப்பிட்டால்தான் தெரியும், ஆனால் சாப்பிட்டதும் தெரிந்துவிடும். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. வாங்கி, அனுபவித்து முடித்த பிறகும் அது நமக்குத் தேவைதானா, நல்லதுதானா என்று நமக்குத் தெரியவே தெரியாது. பைக் மெக்கானிக் "வால்வு போச்சு" என்று சொல்வது இந்த ரகம். 1973-ல் டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைத் தனி வகையாகப் பிரித்தார்கள். நம்பிக்கைச் சரக்கு என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1970-ல், ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நல்ல காரும் ஓட்டைக் காரும் வாங்குகிறவன் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தால் நல்ல கார் விற்கிறவன் சந்தையை விட்டே போய்விடுவான் என்றார். 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

முதுகுவலி வைத்தியத்தைப் போல இதற்குப் பொருத்தமான உதாரணம் கிடையாது. ஏனென்றால் புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலோருக்கு என்ன செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று (அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியே இதைத்தான் முதலில் சொல்கிறது. ஆக, வலி தானாகப் போகிற வாரத்தில் யார் கை பட்டதோ அவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார்!

அந்த "டக்" சத்தம்? எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் என்று முகாமில் சொன்னார்கள். விரலை நெட்டி முறித்தால் வருகிற அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயு சம்பந்தப்பட்ட விஷயம். மூட்டு சட்டென விரியும்போது உள்ளே வெற்றிடம் போல ஒரு குழி உருவாவதை 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் விரலை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து நெட்டி முறித்துப் படமே எடுத்துவிட்டார்கள். சத்தம் வந்ததால் எதுவும் சரியானதாக அர்த்தமில்லை. ஆனால் சத்தம் இல்லாத வீடியோவை யார் பார்ப்பார்கள்?

கைரோபிராக்டிக் முழுக்கப் பொய்யா என்றால், அப்படிச் சொல்லமாட்டேன். வரலாறு சுவாரஸ்யமானது. 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர், காது மந்தமாக இருந்த ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகை அமுக்கிக் கேட்கும்படி செய்துவிட்டதாகச் சொல்லி இதை ஆரம்பித்தார். அதற்கு முன் காந்த வைத்தியம் செய்தார், அதற்கும் முன் மளிகைக்கடை வைத்திருந்தார், தங்கமீன் விற்றார். (மீன் விற்றதுதான் தகுதி என்றால் எங்கள் குப்பத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் :-)) 1906-ல் உரிமம் இல்லாமல் வைத்தியம் செய்ததாக ஜெயிலுக்கும் போனார். எல்லா நோய்க்கும் முதுகெலும்புதான் காரணம் என்ற அவருடைய கொள்கையை இன்று மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை.

இங்கே டாக்டர்கள் பக்கமும் சுத்தம் கிடையாது. கைரோபிராக்டர்களோடு சேர்ந்து தொழில் செய்யக்கூடாது என்று அமெரிக்க மருத்துவ சங்கம் பல வருஷம் தன் உறுப்பினர்களைத் தடுத்து வைத்திருந்தது. நாலைந்து கைரோபிராக்டர்கள் 1976-ல் வழக்குப் போட்டார்கள். 1987-ல் தீர்ப்பு வந்தது: சங்கம் செய்தது போட்டியை நசுக்கும் வேலை, ஷெர்மன் சட்டத்துக்கு விரோதம். நம்மூர் 2002 போட்டிச் சட்டத்தைப் பாடமாகப் படிக்கிற எனக்கு இது ரொம்பப் பிடித்த வழக்கு.

இடுப்பு வலிக்கு மட்டும் என்று பார்த்தால், முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்கிற சிகிச்சைக்கு ஓரளவு பலன் உண்டு என்று இன்றைய வழிகாட்டிகள் ஒத்துக்கொள்கின்றன. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட பரிந்துரையில் உடற்பயிற்சி, நோயாளிக்குப் புரியவைப்பது, மசாஜ் இவற்றோடு இதுவும் இருக்கிறது. எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொள்கிற இடுப்பு பெல்ட்டும், கட்டிப்போட்டு இழுக்கிற டிராக்‌ஷனும் வேண்டாம் என்கிற பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு பெல்ட் கிடக்கிறது.

அப்படியானால் படித்த கைரோபிராக்டராகப் பார்த்துப் போகவேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். "படித்த" என்ற வார்த்தைக்கு நம் நாட்டில் என்ன பொருள்? பிரிட்டனில் 1994-ல் தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்யாதவர் அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளக்கூடாது என்றார்கள். நமக்குப் பழைய உறவான பிரான்சில்கூடப் பல காலம் அது சட்டவிரோதமாக இருந்து, 2002 மார்ச் 4-ம் தேதிச் சட்டத்தில்தான் அங்கீகாரம் கிடைத்தது. அதுவும் உரிய டிப்ளமா இருந்தால்தான் பட்டம். முழுநேரப் பயிற்சி என்றால் குறைந்தது 4,200 மணி நேரம், அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே எழுதிவைத்திருக்கிறது. ஒரு சனி ஒரு ஞாயிறு என்பது எத்தனை மணி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கைரோபிராக்டர்களுக்கு என்று சட்டப்படியான பதிவேடு இல்லை. பிசியோதெரபிஸ்டுகளுக்கு இருக்கிறது, 2021-ம் ஆண்டு துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவர்கள் வருகிறார்கள். கைரோபிராக்டர் என்ற பெயர் அதில் இல்லை. எலும்பு டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில், வர்மம் தெரிந்த சித்த மருத்துவருக்கு அவருடைய கவுன்சில். கைரோபிராக்டர் என்று மட்டும் பலகை மாட்டியவரிடம் உன் பதிவு எண் எங்கே என்று கேட்க ஒரு கவுன்சில் கிடையாது. வெளிநாட்டில் நாலைந்து வருஷம் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து இங்கே தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பாவம், அவர்களும் வார இறுதிக்காரரும் ஒரே பலகையின் கீழ் நிற்கிறார்கள். அகர்லாஃப் சொன்ன பழைய கார் சந்தை இதேதான். "புத்தூர் கட்டு" என்ற பலகையைப் பாருங்கள். ஆந்திராவின் புத்தூருக்கும் அந்தப் பலகைகள் பாதிக்கும் என்ன சம்பந்தம்?

என் கருத்து இதுதான். தகுதி என்பது சுவரில் மாட்டியிருக்கிற சட்டம் இல்லை. தப்பு நடந்தால் இவரை யார் கேள்வி கேட்கமுடியும் என்பதுதான். எங்கள் தெரு அத்தைக்குப் பட்டம் இல்லை. ஆனால் நாளைக்கும் அதே குழாயடிக்குத்தான் தண்ணீர் பிடிக்க வரவேண்டும். அதனால்தான் "என் கைக்கு அடங்கல" என்று மூன்றாம் நாள் அவரால் சொல்ல முடிந்தது. டாக்டரைக் கவுன்சில் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேஜையை மடித்துக்கொண்டு போகிறவரை யார் கேட்பது? நுகர்வோர் சட்டம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, காசு வாங்கிக்கொண்டு செய்கிற மருத்துவச் சேவை அதில் வரும் என்று 1995-லேயே சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ரசீதில் முகவரி இருந்தால்தானே நோட்டீஸ் அனுப்ப? அப்பாவுக்கு ரசீதே தரவில்லை.

பதிவேடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பதிவேடு இருக்கிற பிரிட்டனிலேயே குழந்தைகளின் வயிற்று வலி, ஆஸ்துமாவுக்கெல்லாம் முதுகை அமுக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை 2008-ல் சைமன் சிங் என்ற எழுத்தாளர் (பஞ்சாபி வம்சாவளி) பத்திரிகையில் கேள்வி கேட்டார். கைரோபிராக்டர் சங்கம் ஆதாரம் காட்டுவதற்குப் பதில் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டில் தோற்று, வழக்கை வாபஸ் வாங்கியது. ஆகவே முதுகுவலியைத் தவிர வேறு நோய்க்கும் கைவைக்கிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முடிவெட்டும் கடையில் கடைசியாகக் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடுக்கு எடுப்பார்களே, அது நம் ஆண்களுக்கு ஓசியில் கிடைக்கிற சொர்க்கம். 2024-ல் கர்நாடகத்தின் பெல்லாரியில் ஒரு இளைஞருக்கு அப்படித் திருப்பியதில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகச் செய்தி வந்தது. இது அபூர்வம்தான், பயமுறுத்தவில்லை. ஆனால் இடுப்பு வலிக்குப் போன அப்பாவின் கழுத்தை ஒரு கேள்வி கூடக் கேட்காமல் திருப்பியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்து ரூபாய்க்கு ஒரு டீ, நீண்ட வரிசை, மூன்று மணி நேரம். அந்த டாக்டரம்மா அப்பாவைத் தொடுவதற்கு முன் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். சிறுநீர் அடைக்கிறதா, தெரியாமல் போய்விடுகிறதா? உட்காருகிற இடம் மரத்துப்போகிறதா? காய்ச்சல் உண்டா? எடை குறைந்ததா? எங்கேயாவது விழுந்தீர்களா? ராத்திரி படுத்தாலும் வலி விடுவதில்லையா? பிறகு கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தார், குதிகாலில் நடக்கச் சொன்னார். இதில் சில கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் உடனே செய்யவேண்டிய வேலை வேறு. சிறுநீர் பிரச்சினை, உட்காருமிட மரத்தல் இரண்டும் அவசர அறுவை வரை போகக்கூடிய அறிகுறிகள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிலையில் இருக்கிற ஒருவரை மேஜையில் போட்டு "டக்" எடுத்தால்?

அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில். ஸ்கேன் எடுக்கவேண்டாமா என்று நான்தான் கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார். வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கிறதாம். 2015-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்கு இது. படத்தைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள்தான் அதிகம். சில நாளைக்கு மாத்திரை, பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு. அங்கே ஒரு அக்கா, பேட்ஜில் பெயரோடு, ஐந்து பயிற்சி சொல்லிக்கொடுத்து, "பத்து நாள் கழிச்சு வாங்கண்ணா, சரியா செஞ்சா நாலு தடவைக்கு மேல நீங்க இங்க வரத் தேவையில்ல" என்றார்.

பன்னிரண்டு தடவை அட்டை நீட்டியவரையும், நாலு தடவைக்கு மேல் வராதே என்றவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரை எழுதத் தோன்றியது. இன்றைக்கு யாராவது கைரோபிராக்டரிடம் போகப்போகிறேன் என்றால் நான் தடுக்கமாட்டேன். முதலில் ஒரு டாக்டர் பார்த்து ஆபத்தான காரணம் இல்லை என்று சொல்லட்டும். பிறகு அந்த வைத்தியரிடம் எத்தனை வருஷம், எந்தக் கல்லூரி, எந்தக் கவுன்சிலில் என்ன எண் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வெளிநாட்டுப் பதிவென்றால் பெரும்பாலும் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். கழுத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், கோபப்பட்டால் எழுந்துவிடுங்கள். மொத்தப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். யாருக்கு நீங்கள் இந்த சிகிச்சை செய்யமாட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையில் படித்தவருக்கு அதற்கு நீளமான பதில் இருக்கும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று. 61 நாள் படகில் ஏறவேண்டாம். அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன், 2024-ல் லான்செட்டில் வந்தது. இடுப்பு வலி வந்து குணமானவர்களில் ஒரு பகுதியினரை, வாரத்தில் ஐந்து நாள் தினம் அரை மணி நேரம் என்ற அளவுக்குப் படிப்படியாக நடக்கப் பழக்கினார்கள். அவர்களுக்கு வலி திரும்ப வர நடுவாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். அப்பாவிடம் சொன்னேன். "நடக்கறதுக்கு ஆராய்ச்சியா?" என்றார். ஆனாலும் காலையில் ஆறு மணிக்குக் குருசுக்குப்பம் வழியாக பீச் ரோட்டுக்குப் போகிறோம். ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலை வரை நிம்மதியாக நடக்கலாம்.

வலி முழுசாகப் போகவில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை திரும்ப வந்து இரண்டு வாரம் படுத்தியது. ஐஸ் பெட்டி தூக்குகிற வேலையை மட்டும் இப்போது வேறு ஆளிடம் விடுகிறார், அதனால் பங்குக் காசில் கொஞ்சம் குறைகிறது. போன வாரம் சித்தப்பா பையன் வந்து, முகாம் மறுபடி போடுகிறார்கள், இந்த முறை வேறு ஓட்டல் என்றான். அப்பா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "வேணாம்டா. ஆனா அந்தச் சத்தம் மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.